இறங்க இடம் இருக்கிறது

மச்சாள்,

இன்று வெள்ளிக்கிழமை. அம்மா அரைத்த சந்தனம் வீடெல்லாம் மணக்கிறது. அந்த மணம் மூக்கில் பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உம்முடைய படத்துக்குப் பொட்டு வைத்தாயிற்று. பக்கத்தில் வரிசையாகத் தொங்கும் விமானமோட்டிப் பெண்களுக்கும் வைத்தாயிற்று. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பாவம்.

அண்ணை உம்மைக் கலியாணம் கட்டி நெடுந்தீவுக்குக் கொண்டுவந்து எங்களோடு விட்டுவிட்டுத் தெற்கே தன் கடைக்குப் போனார். அவர் அனுப்பும் சாமான்களைச் சுற்றி வரும் இங்கிலிஷ் பேப்பர்களை நான் அடுப்பு மூட்ட எடுப்பேன். நீர் பறித்து, கையால் நீவி வாசிப்பீர். அப்படித்தான் தனியாகக் கடல் தாண்டிப் பறந்த ஒருத்தியின் செய்தி அகப்பட்டது. கையெழுத்துப் போட்ட படம் ஒன்று தரும்படி அந்தப் பேப்பர்க் கந்தோர் மூலமாகவே அவளுக்கு எழுதினீர். கூடவே சின்ன ஓலைப்பெட்டி ஒன்றும் வைத்தீர்.

"வெறுங்கையோட கேக்கிறதே மச்சாள்?"

மாதக்கணக்காக ஒன்றுமில்லை. ஊர் சிரித்து முடிந்த பிறகு, லோஞ்சுப் படகில் வந்த தபாலோடு படம் வந்தது. அதன்பின் உம்மைப் பிடிக்க ஏலாது. எந்த நாட்டில் எவள் முதலில் பறந்தாலும் அவளுக்கு ஒரு கடிதம், ஒரு பெட்டி. பெட்டி இழைத்தது நான்தான்.

முதல் படத்தை யாழ்ப்பாணத்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோது கடல் ஆட்டிய ஆட்டத்தில் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாமலே மாட்டினீர். எங்கள் வீட்டில் சட்டம் போட்டுச் சுவரில் ஏறினால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர். அடுத்த வெள்ளியே அம்மா அவள் நெற்றியில் சந்தனத்தை அப்பிவிட்டா.

"ஐயோ மாமி, இவ உயிரோட இருக்கிறா."

"அதுக்கென்ன பிள்ளை, நல்லா இருக்கட்டும்."

நீர் கோபிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தீர். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

கையெழுத்துக்குக் கீழே அவள் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். உங்கள் தீவில் விமானம் இறங்க இடம் இருக்கிறதா என்று. உபசாரத்துக்குக் கேட்டிருப்பாள். நீரோ குதிரைகள் மேயும் வெளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர். பின்னேரங்களில் இருவரும் கல் பொறுக்கி ஓரத்தில் போட்டோம்.

"பிளேன் வந்தா குதிரையளை ஆர் கலைக்கிறது?" என்று கேட்டேன்.

"நீர்தான்" என்றீர். அன்றிரவே அவளுக்கு, இடம் இருக்கிறது என்று எழுதினீர்.

பிறகு அந்தச் சோளகக் காற்றுக் காலம். உமக்கு வயிற்றுக்குத்து. வயிற்றை வெட்டவேண்டிய வருத்தம், உடனே ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று இங்குள்ள மருந்துக்காரர் சொல்லிவிட்டார். காற்றோ தூக்கி அடிக்கிறது. எந்த வள்ளமும் கடலில் இறங்கவில்லை. நீர் பாயில் சுருண்டு கிடந்தபடி, ஊருக்கு அரசாங்கத்தின் ஆளான விதானையாரைக் கூப்பிட்டுச் சொன்னீர்.

"கொழும்புக்கு ஒரு தந்தி அடிச்சு பிளேன் கேட்டுப் பாருங்கோ ஐயா. இறங்க இடம் இருக்கெண்டு சொல்லுங்கோ."

அவர் முற்றத்துக்கு வந்து மற்ற ஆம்பிளைகளைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு பொம்பிளையின்ர வயித்துக்குத்துக்குப் பிளேன் வருமே?"

நான் தபால்கந்தோருக்கு ஓடினேன். விதானையார் சொல்லாமல் இப்படித் தந்தி அடிக்க ஏலாது என்றார்கள். திரும்பி வந்து அவர் காலில் விழாத குறை. "காத்து விழட்டும் பிள்ளை" என்றார்.

உம்மிலும் எனக்குக் கோபம்தான் மச்சாள். ஏன் அவ்வளவு மெதுவாகக் கேட்டீர்? சோறு எல்லாருக்கும் காணுமோ என்று கேட்கிற குரலில் உயிரைக் கேட்டீர். கத்தியிருக்க வேண்டும், ஊரை எழுப்பியிருக்க வேண்டும்.

உம்மை எரித்த அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது. விதி என்றார் விதானையார். கேட்காமல் விட்டதற்குப் பெயர் விதியாம். அண்ணை வந்து அழுதார். யாழ்ப்பாணத்தில் உம்முடைய படத்துக்குப் பெரிய சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கண்ணாடி மட்டும் உடையாமல் வந்து சேர்ந்தது.

நான் இப்போதும் அந்தக் குதிரை வெளிக்குப் போகிறேன். மழைக்கு மழை புதுக் கல் கிளம்புகிறது. பொறுக்கி ஓரத்தில் போடுகிறேன். போன கிழமை விதானையார் சைக்கிளை நிற்பாட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பிளேன் வருதோ?"

கையிலிருந்த கல்லைக் கீழே போடாமலே நிமிர்ந்தேன்.

"ஆரும் கேட்டா வரும்" என்றேன்.