சோபா திருப்பப்பட்ட விவரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த முறை நன்றாக விசாரித்த பிறகே அந்தச் சொல்லை எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீண்ட ஆலோசனைகளுக்குப் பின், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் கூடத்துச் சோபாவை ஜன்னலைப் பார்த்தாற்போல் திருப்புவது என்று நேற்று இந்த வீட்டில் முடிவெடுக்கப்பட்டது. உன் சித்தப்பா மட்டும் எதிர்த்தார், டிவி பார்க்கக் கழுத்து வலிக்குமாம். அப்போ டிவியை நிறுத்திடுங்க தம்பி, கழுத்து தப்பிச்சிடும் என்றாள் அம்மா. தீர்மானம் நிறைவேறியது.

உன் திட்டத்துக்குத் தொலைநோக்கியில் நேரம் ஒதுக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. இந்த முறையும் கைவிரித்தால் வேலையே போய்விடும் என்று நீ சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. பிரகாசமான நட்சத்திரத்தை ஒட்டியிருக்கும் மங்கலான நட்சத்திரம் கண்ணில் படாது, தொலைநோக்கியைச் சற்றே திருப்பி வைத்தால் படும் என்று உன் மென்பொருள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துச் சொல்லிவிட்டதாமே. நீ அதை ஃபோனில் விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. அம்மாவுக்கு முழுதும் புரிந்தது, மறுநாளே பயன்படுத்தியும் விட்டாள்.

பதறாதே, இது முடிந்த கதை. அம்மாவுக்கு மார்பில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சையும் அதன்பின் மருந்தும் முடிந்து, கட்டி போன இடம் தெரியவில்லை, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார். அவளுக்கு நட்சத்திரம் பாக்க நேரம் கிடைக்கட்டும், என் மொட்டை மண்டையை அப்புறம் பாத்துக்கலாம் என்று அவள் போட்ட உத்தரவால்தான் உன்னிடம் சொல்லவில்லை. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயில் கொட்டும் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்க அந்தச் சோபாவில் உட்கார்ந்தாள். அம்மா முகம் கறுப்பாத் தெரியுது, கேமரா சரியில்லை என்று நீ ஒரு விளக்கு வாங்கி அனுப்பினாய். அருமையான விளக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. நட்சத்திரம் பார்க்கிறவளையே ஏமாற்றியதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைதான், அதை மட்டும் அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

தாராளமாகக் கோபித்துக்கொள், சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள். சித்தப்பாவைத் திட்டாதே, ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் விடாமல் கார் ஓட்டியவர் அவர். உன் கண்ணும் உன் தொலைநோக்கியின் கண்ணும் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: விளக்கை மாட்டியாயிற்று. அம்மாவுக்குத் தலைமுடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது.