இரண்டு தளவாய்

சாலை,
திருவனந்தபுரம்.
19.11.1974

அன்புத் தம்பி தளவாய்க்கு,

அண்ணி செண்பகவல்லி எழுதுவது. பம்பாயில் நீ சுகமாக இருக்க முத்தாரம்மன் துணை. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

உன் அண்ணன் இப்போது கடைக்குப் போவதில்லை. தராசு முள் இரண்டாகத் தெரிவதை முதலாளியிடம் சொல்லாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டே மிளகு எடைபோட்டிருக்கிறார். முதலாளி கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் இருங்கள் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நானும் கண் கோளாறு என்றே நம்பி, ஊருக்குப் போய் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்திவிட்டு வந்தேன். பெரிய டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திருப்புவது மூளையாம். மூளை சொல்வதை நரம்பு கொண்டுபோக, கண்ணைச் சுற்றியுள்ள தசை இழுக்குமாம். அண்ணன் தலைக்குள் கட்டி. இடது கண்ணுக்குப் போகும் நரம்பை அது அமுக்குகிறது. இடப்பக்கம் பார்த்தால் வலது கண் திரும்புகிறது, இடது கண் நின்றுவிடுகிறது, ஜோடி மாட்டில் ஒன்று படுத்துக்கொண்டதுபோல. அதனால்தான் எல்லாம் இரண்டு. அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாதாம். நான் கண்ணைத்தானே கேட்டேன், அம்மன் என்ன செய்வாள், பாவம்.

அவர் வாய் மட்டும் அடங்கவில்லை. மகள் ராஜமணியைப் பார்த்து, இரண்டு பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்கிறார். அவள் சிரிக்கிறாள். என்னால் முடியவில்லை.

ஆடியில் நீ வந்தபோது, அண்ணன் முகம் கொடுத்துப் பேசாமல் இடப்பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்று சோற்றில் கை வைக்காமல் போனாய். அப்போது எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. இந்த நோயில் நேரே பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரியும், முகத்தை அப்படித் திருப்பினால் ஒன்றாகிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் விளங்கியது. உன்னை ஒரே ஆளாகப் பார்க்கத்தான் தம்பி, அவர் முகத்தைத் திருப்பினார்.

இப்போது எப்படித் திருப்பினாலும் இரண்டுதான். தை வரை தாங்குமா என்று கேட்டேன். ராஜமணி என்ன படிக்கிறாள் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார்.

கிடைத்த ரயிலில் ஏறி வா. நீ வாசலில் வந்து நின்றால் அவருக்கு இரண்டு தளவாய் தெரியும். எவனைத் தொடுவது என்று தெரியாமல் வெறும் இடத்தில் கையை நீட்டுவார். அதற்கும் கோபித்துக்கொள்ளாதே. நீயே எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அண்ணி
செண்பகவல்லி