லோஜனுக்கு மட்டும் கொஞ்சம் லேட்

ஒக்டோபர் 3

தேயிலைத் தோட்டத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்தோடு அறியத் தருவது. மேட்டு லயம் ஐந்தாம் காம்பரா வீட்டில் வசித்துவந்த டிவி கேம் செட் நேற்று அகால மரணமடைந்தது. அன்னார், கொழும்பில் வேலை செய்யும் பிரதாப் அண்ணன் பழசாக வாங்கிவந்த செல்வப் புதல்வரும், கிஷாந்த் ஆகிய என் உயிர்த் தோழரும் ஆவார். நல்லடக்கம் கோழிக்கூட்டுக்குப் பின்னால். கொலைகாரன்: பக்கத்து லயத்து லோஜன்.

ஒக்டோபர் 4

விவரமா எழுதி வைக்கணும். கோபம் ஆறிடக் கூடாது.

இரவல் கேட்டான், குடுத்தேன். கொண்டுபோற வழியில மழை. நனைஞ்சா தொடைச்சு வை, பொழைச்சிருக்கும். இவன் அடுப்புக்கு மேல இருக்குற பரண்ல ஏத்திட்டான்! ஸ்கூல் சப்பாத்து, சொக்ஸ், விறகு எல்லாம் எல்லா வீட்டுலயும் அங்கதான் காயுது, ஒத்துக்குறேன். கேம் செட் என்ன சொக்ஸா? காலையில அப்பளமா வந்துச்சு.

அதைக்கூட மன்னிச்சிருப்பேன். பஸ் ஹோல்ட்ல எல்லாரும் நிக்கிறப்ப, "கருவாடு நல்லா காஞ்சிருக்குடா மச்சான்"னு சொல்லிச் சிரிச்சான். அந்தச் சிரிப்பை அவன் வாயிலயே திருப்பி வைக்காம விடமாட்டேன்.

ஒக்டோபர் 7

கேம் சீடி எல்லாம் எங்க வீட்டுல கெடந்ததால தப்பிச்சுச்சு. லிந்துலையில போன் கடை வச்சிருக்குற சப்ராஸ் நானாகிட்ட போய்ப் புலம்பினேன்.

"செட் மௌத்தானா என்ன மகன், எமுலேட்டர் ஒண்டு போடு. ஒன்ட லெப்டொப்பே அந்த செட் மாதிரி நடிக்கும். சீடியப் போட்டா அப்பிடியே ஓடும்."

எமுலேட்டர். எமன் லேட்டா வருவான்னு அர்த்தம். லேட்டானாலும் லோஜன் வீட்டுக் கதவைக் கண்டுபிடிச்சிருவான்.

ஒக்டோபர் 9

மூணு எமுலேட்டர் எறக்கிப் பாத்தாச்சு.

முதலாவது எல்லா செட்டு மாதிரியும் நடிக்கும். ஆனா மெனுவுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியல. சத்தம் வேற வறுத்த கடலை மாதிரி வெடிக்குது.

ரெண்டாவது சீடியப் போட்டதும், பழைய செட்டுக்குள்ள இருந்த பயோஸ்ங்கிற பைல் எங்கன்னு கேட்டு நிக்குது. அடையாள அட்டை இல்லாமப் போன ஆளை ஒபீஸ்ல நிக்க வைக்கிற மாதிரி.

மூணாவதுல படம் சுமார். ஓட்டமும் சுமார். மூடப் போறப்பதான் ஒரு ஓரத்துல பாத்தேன் — ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனித்தனியா தாமதம் வைக்கலாமாம். பட்டனை இப்ப அமுக்கினா, கார் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். பழைய டிவி மாதிரி இருக்கட்டும்னு எந்த நல்ல மனுசனோ வச்சிருக்கான். அவன் நல்லா இருக்கணும்.

தேர்வு முடிஞ்சது. படம் யாருக்கு வேணும்?

ஒக்டோபர் 12

சப்ராஸ் நானாகிட்ட ரெண்டு கன்ட்ரோலர் இரவல் வாங்கி, தங்கச்சி சுலக்ஷனாவை வச்சு ரெண்டாவதைச் சோதிச்சேன். "அண்ணே, இதுக்குத் தூக்கம் வருதுண்ணே." கண்டுபுடிச்சிட்டா. தாமதத்தைப் பாதியாக் கொறைச்சேன். "இப்பயும் நான் தோக்குறேன், ஆனா ஏன்னு தெரியல." அதுதான் அளவு!

இரண்டாம் கன்ட்ரோலர் சிவப்பு. லோஜனுக்குச் சிவப்புன்னா உசுரு.

ஒக்டோபர் 14

லோஜனைக் கேட்டேன், "தீபாவளிக்கு கார் ரேஸ் வர்றியா?" "நீயா? என்கூடவா? டேய், ஒரு தடவையாச்சும் ஜெயிச்சிருக்கியாடா?" சிரிடா, சிரி.

ஒக்டோபர் 20

தீபாவளி. எங்க காம்பராவுல நிக்க எடமில்ல, ரெண்டு லயத்துப் பொடியன்களும் வந்திருந்தானுங்க. அம்மா முறுக்குத் தட்டோட வாசல்லயே நின்னுட்டாங்க.

ஏழு ரேஸ். ஏழுலயும் நானே! ஒவ்வொரு வளைவுலயும் லோஜனோட கார் சுவத்துல போய் முட்டிச்சு. "லோஜன் காரு கருவாடு!"ன்னு நான் கத்த, எல்லாப் பொடியன்களும் கூடக் கத்தினானுங்க. அவன் சிரிக்கல. கன்ட்ரோலரை மெதுவாக் கீழ வச்சிட்டுப் போயிட்டான்.

வரலாறு இதை மறக்காது.

ஒக்டோபர் 22

லோஜனோட அம்மா, லெட்சுமி சித்தி, எங்க அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. லோஜன் ஹட்டன்ல போன் திருத்துற கோர்ஸுக்குப் போகமாட்டேங்கிறானாம். பேர் குடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி. பரண்ல உருகின செட்டை வெறுங்கையால இழுத்ததுல ரெண்டு விரல் வெந்து, இப்பதான் தோல் கட்டுதாம். "பொடிப்பொடி சாமான் புடிக்கிற வேலைம்மா. என் கை சரியில்ல"ன்னு சொல்றானாம்.

வெந்ததை எங்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் — என்ன செஞ்சிருப்பேன்? விரலுக்கும் கருவாடுன்னுதான் சொல்லியிருப்பேன்.

நேரா போய்க் கேட்டேன். "கை நல்லாத்தானேடா இருக்கு?"

"வேற யார்கிட்ட தோத்திருந்தாலும் பரவால்லடா. ஒங்கிட்டயே தோத்துட்டேன்னா கையில பெரிய கோளாறுதான்."

உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

ஒக்டோபர் 23

இன்னிக்கும் முழுங்கினேன். நாளைக்கு வெள்ளி.

ஒக்டோபர் 24

காலையில பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு நின்னான். சொல்லிட்டேன். சிவப்புக் கன்ட்ரோலர், தாமதம், தங்கச்சியை வச்சுப் பாத்த சோதனை, எல்லாம்.

குடத்துத் தண்ணிய முழுசா என் தலையில ஊத்தினான். இந்தக் குளிர்ல! பல்லு தந்தியடிச்சுது. "நில்லு, இன்னொரு குடம் இருக்கு"ன்னான். நின்னேன்.

ஊத்தி முடிச்சிட்டு விரல்களை மடக்கி, நிமித்திப் பாத்தான். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"இருக்குடா பாவி."

சட்டை மாத்திட்டு ஒம்பது மணி பஸ்ல ஹட்டனுக்குப் போயிட்டான்.

ஒரு திருத்தம். வேற யாரும் வாசிக்கப் போறதில்ல, இருந்தாலும் எழுதிர்றேன். இருபதாந்தேதி ஏழுலயும் நானேன்னு போட்டிருக்கேனே, அது பொய். நான் நாலு, அவன் மூணு. அதுவும் அவ்வளவு தாமதம் வச்சு.