சொன்ன விலை

மட்டக்களப்பு
2025.02.11

அன்புத் தங்கச்சி சுலோஜனாவுக்கு,

உன் விண்ணப்பத்தில் தொகையை மாற்றியது நான்தான். நாலு இலட்சத்து எழுபத்தையாயிரம் என்று நீ எழுதியிருந்ததை ஒன்பது இலட்சத்து ஐம்பதாயிரம் ஆக்கினேன். கொழும்புக் கலை நிதியத்தில் யாரும் உனக்குச் சதி செய்யவில்லை. தபாலிலும் பிழை இல்லை.

நீ போனை எடுக்கிறாயில்லை. என் நம்பரையே அடைத்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னா. "வாயால சொன்னா அண்ணன் பிறகு மாத்திக் கதைப்பார், எழுதிக் கையெழுத்து வெச்சுத் தரட்டும்" என்றாயாம். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு பில்லைத் தவிர வேறெதுவும் எழுதியவன் அல்ல நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். படிவத்தையும் தைத்த மாதிரித் துண்டையும் பொதி கட்டி, பதிவுத் தபாலில் போடச் சொல்லி என் சாக்குக் கடையில் தந்துவிட்டுப் போனாய். கட்டு இளக்கமாக இருந்தது. சாக்குக் கட்டியே பிழைத்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? அவிழ்த்தேன். 'வேண்டப்படும் தொகை' என்ற பெட்டி கண்ணில் பட்டது. நாலே முக்கால். ஐயோ, இந்தப் பிள்ளைக்கு வியாபாரம் தெரியாதே என்று நெஞ்சு பதறியது. படிய வேண்டிய விலையை எவன் முதலில் சொல்லுவான்? கொழும்புக்காரன் எப்படியும் பாதியாய் வெட்டுவான், இரட்டிப்பாய்க் கேட்டால் நீ நினைத்தது சரியாகக் கைக்கு வரும் என்று நினைத்தேன். வெள்ளை மை பூசி ஒன்பதரை எழுதினேன். காசோலையில் திருத்தினால் செய்கிற மாதிரி பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை, பார்.

அவர்கள் வெட்டவுமில்லை, பேசவுமில்லை. 'உச்ச வரம்பு ஐந்து இலட்சம். தங்கள் விண்ணப்பம் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்படவில்லை.' அவ்வளவுதான். பேரம் பேசாத காசு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் கேட்க முடியாதாம், அடுத்த வருடம் உனக்கு அந்த வயது தாண்டிவிடுமாம், இதுதான் உனக்குக் கடைசித் தடவையாம். அதையும் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். முப்பதோடு கலைஞர் வளர்வது நின்றுவிடும் என்று எந்த மடையன் சட்டம் போட்டானோ.

இராசதுரையின் லொறியில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

அண்ணன்
சுதாகரன்

~

பழுகாமம்
2025.02.14

அண்ணாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன். பேரம் பற்றித்தான் இருந்தது.

அந்த நாலே முக்கால் எப்படி வந்தது என்று கேட்காமலே மாற்றினீர்கள். இப்போதாவது கேளுங்கள். கண்ணகை அக்கா உட்படத் தைக்கிற மூன்று பெண்களுக்கு நாலு மாதச் சம்பளம் மூன்று இலட்சம். சாக்குத் தைக்கும் கைமெஷின் எண்பத்தையாயிரம். நூலும் ஊசியும் சாயமும் முப்பதாயிரம். பழைய சாக்கு இருநூற்று நாற்பது, ஒன்று எழுபத்தைந்து ரூபாய்ப்படி பதினெட்டாயிரம். உங்கள் கடை விலைதான், தங்கச்சி விலை அல்ல. ஏற்றி இறக்கப் பன்னிரண்டாயிரம். சனசமூக நிலைய மண்டபத்துக்கு வாடகை முப்பதாயிரம். மூன்று ஊரில் விலை கேட்டு, கண்ணகை அக்காவை இருத்தி ஒரு சாக்குக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்து எழுதியது. இதில் வெட்டவும் ஒன்றுமில்லை, கூட்டவும் ஒன்றுமில்லை.

நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் நீங்கள் கேட்டதில்லை. மில்லுக்குப் போகும் நெல்லுச் சாக்குகளில், மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கு ஒரு குறி பூசுவார்கள் அல்லவா? ஒருவருக்கு மீன், ஒருவருக்குச் சூலம், ஒருவருக்குப் பெயரின் முதலெழுத்து. அந்தக் குறிகள் அழியாமல் சாக்குகளை வெட்டிச் சேர்த்து, படுவான்கரை வயல்வட்டைகள் அத்தனையையும் வாவியோடு நாற்பது அடிச் சீலையாகத் தைப்பது. ஓவியமா, சிற்பமா, தையலா என்று எனக்கே தெரியாது. எல்லாத் துறைக்கும் கொடுக்கிற நிதியம் அது ஒன்றுதான்.

என்னைத் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து 'ஓம்' என்றிருக்கலாம், 'இல்லை' என்றிருக்கலாம். இரண்டுமே எனக்குக் கிடைக்கவில்லை.

இது புதிதுமல்ல. களுதாவளை மாப்பிள்ளை வேண்டாம் என்று மார்கழியில் சொன்னேன். "பொம்புளப்புள்ள முதல்ல அப்பிடித்தான் சொல்லும், ரெண்டு மாசம் விட்டா படிஞ்சிரும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நான் அடுப்படியில்தான் நின்றேன். என் வாயிலிருந்து எது வந்தாலும் உங்களுக்கு அது முதல் விலைதான்.

சுலோஜனா

~

மட்டக்களப்பு
2025.02.20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே வாசித்து, சாக்கு எண்ணிக்கை பிழைத்து, ஒருவனுக்கு ஐம்பது கூடுதலாகப் போய்விட்டது. அறுவடைக் காலம். காலை ஆறு மணிக்கே கடை வாசலில் ஆட்கள். இதற்குள் நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறாய்.

நானும் கேட்கிறேன். அப்பா போனபிறகு சைக்கிளில் சாக்குக் கட்டித் திரிந்து உன்னைப் படிப்பித்தவன் யார்? தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காத அண்ணனை நம் பக்கத்தில் மனுசனாய் மதிப்பார்களா? அம்மாவின் வளவில் கட்டிய வீட்டுக்குக் கதவு, யன்னல்வரை போட்டாயிற்று. வெள்ளை அடித்தால் முடிந்தது. மாப்பிள்ளை வந்து குடிபுகும்வரை பூட்டி வைத்திருக்கிறேன். நீயோ சனசமூக நிலையத்துக்கு வாடகை கட்டக் கொழும்பில் காசு கேட்கிறாய். யாரிடம் சொல்லி அழ?

போகட்டும். இத்துடன் நாலு இலட்சத்து எழுபத்தையாயிரத்துக்குக் காசோலை இருக்கிறது. நீ கேட்டது அப்படியே. ஒரு சதம் வெட்டவில்லை. கொழும்புக் காசும் காசு, என் காசும் காசு. இத்தோடு இந்தப் பிரச்சினை முடியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை களுதாவளையார் வருகிறார்கள். நான் கடையை விட்டு வர முடியாது. வந்தவர்களுக்கு முகம் கொடுத்துக் கதை. வங்கியில் வேலை செய்கிற பொடியன், குடி இல்லை, கடன் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

அண்ணன்
சுதாகரன்

~

பழுகாமம்
2025.02.24

அண்ணாவுக்கு,

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் காசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது குற்றத்துக்குக் கட்டுகிற தண்டக் காசு. இதை வாங்கித் தைத்தால் ஒவ்வொரு தையலிலும் உங்கள் கோபம் இருக்கும். அந்தச் சீலையை விரும்பி நீங்கள் இதைக் கொடுக்கவில்லை. வாயை மூடக் கொடுக்கிறீர்கள்.

நீங்கள் என்னைப் படிப்பித்ததை நான் மறக்கவில்லை. நான் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அதை எடுத்து முன்னால் வைக்காதீர்கள், அது போதும்.

நேற்று வந்தார்கள். நானே தேத்தண்ணீர் கொடுத்து, எனக்கு விருப்பமில்லை என்று நானே சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. "இத மார்கழியிலேயே சொல்லியிருந்தா நாங்க வேற இடம் பாத்திருப்பமே மகள்" என்றா. "சொன்னனான் மாமி. சொன்னது உங்களுக்கு வந்து சேரல்ல" என்றேன். கொண்டுவந்த வாழைக்குலையைத் திருப்பி எடுக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா நேற்றிலிருந்து பேசவில்லை. இனி நீங்களும் எழுத வேண்டாம்.

சுலோஜனா

~

மட்டக்களப்பு
2025.03.06

சுலோவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் வாசி. சரியில்லை என்றால் இதுவே கடைசியாய் இருக்கட்டும்.

கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனேன். அறுவடைக் காலத்தில் நான் கடை பூட்டியது இதுதான் முதல் தடவை. கையில் இரண்டு கிலோ முந்திரிக் கஜு. கண்ணாடிக் கதவு, உள்ளே மார்கழிக் குளிர். அம்னா என்று ஒரு பிள்ளை, ஏறாவூராம், நம் பேச்சு. அப்பாடா என்று கஜுவை மேசையில் வைத்தேன். "இத எடுக்க ஏலா அண்ணன்" என்று திருப்பித் தள்ளினாள்.

"கேட்டதில பாதி போதும் எண்டு எழுதித் தாறன், எடுத்துக்கொள்ளுங்க" என்றேன்.

"விண்ணப்பகாரர் நீங்களா?"

"தங்கச்சி. நான் அண்ணன்."

"அப்ப அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில இரிக்கிறது உங்கட கையெழுத்தா?"

"ஓம்."

"தொகைய விட அதுதான் பெரிய பிழை. உள்ளுக்குள்ள கணக்கு நாலே முக்கால் எண்டு இரிக்கி, பெட்டியில ஒன்பதரை, பக்கத்தில இன்னொராள்ட கையெழுத்து. ஆர் சொல்றத நாங்க நம்புற?"

இனி ஒன்றும் செய்ய முடியாதாம். யாருக்கும் திறக்காத கதவு எனக்கும் திறக்கவில்லை. நேர்மையாய்ச் செய்தேன் என்று பெருமையாய் வைத்த கையெழுத்தே உன் வாயை மூடியிருக்கிறது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எழும்பும்போது பார்த்தேன், உன் மாதிரித் துண்டை அவள் தன் மேசைக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருந்தாள். "திருப்பி அனுப்பத்தான் இரிக்கி. மனம் வருதில்ல. விப்பாங்களா? எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். பதினையாயிரம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்துக்குப் படியும். விழுங்கினேன். "செஞ்சவள்ட்ட கேளுங்க. அவள் சொல்றதுதான் விலை" என்றேன். அவளுடைய நம்பர் இத்துடன் இருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தபோது மூலையில் ஒரு சைக்கிள் சில்லு. என் குறி. அந்தக் காலத்துச் சாக்கு உன்னிடம் எப்படி வந்தது? பொதி கட்டியபோது அது என் கையில்தான் இருந்தது. நான் தொகையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்பைத் தேடினாய். இந்தா: என்னை மன்னித்துக்கொள். படிவத்துக்கும், மார்கழியில் நீ சொன்னதை நான் களுதாவளைக்குச் சொல்லாமல் விட்டதற்கும். அந்தத் தாய்க்கு நானே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

இனி வியாபாரம் கதைப்போம். பட்டிருப்புப் பக்கம் நான் கட்டும் களஞ்சியத்தில் வெள்ளாமைக்காரர் நின்று சாக்கு எண்ணும் இடத்தில் நாற்பத்தைந்து அடி உள்சுவர் வெறுமையாய்க் கிடக்கிறது. கடைக்கு விளம்பரப் பனர் அடித்து மாட்ட இருந்தேன். உன் சீலை எனக்கு வேண்டும். தண்டமுமில்லை, தருமமுமில்லை. தன் குறியை என் சுவரில் கண்டவன் அடுத்த கடையில் போய்ச் சாக்கு வாங்குவானா? பத்து வருடத்துக்கு எனக்கு வேறு விளம்பரம் வேண்டாம். விலை சொல்.

அண்ணன்
சுதாகரன்

~

பழுகாமம்
2025.03.10

அன்புள்ள அண்ணா,

அந்தச் சாக்கு அம்மாவின் கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்தது. கழுவ மூன்று நாள் எடுத்தது.

அம்னாவோடு பேசினேன். பன்னிரண்டாயிரம் என்றேன். "சரி" என்று அன்றே அனுப்பிவிட்டார். உங்களுக்கு நெஞ்சு வலிக்கும் என்று தெரியும், சொல்ல ஆசையாய் இருந்தது.

நிதியத்தை இழந்தது இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் சுவர்க் கணக்கு உண்மைக் கணக்கு என்பதால் விலை சொல்கிறேன்: நாலு இலட்சத்து நாற்பத்தையாயிரம்.

பேரத்துக்காகக் குறைக்கவில்லை. மண்டபம் வேண்டாம். அம்மாவின் வளவில் நீங்கள் பூட்டி வைத்திருக்கும் வீட்டின் பெரிய அறையில் தைக்கப்போகிறேன். ஆகவே வாடகை முப்பதாயிரம் கழிகிறது. அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்தால் திறக்கிற வீடு என்றால் எனக்கு வேண்டாம், மண்டபத்துக்கே போவேன், விலையும் பழையபடி நாலே முக்கால்.

சீலையில் கடையின் பெயர் வராது. எந்தக் குறி எங்கே வரும் என்று நீங்கள் சொல்லக்கூடாது, உங்கள் குறி உட்பட.

சுலோஜனா

~

மட்டக்களப்பு
2025.03.13

சுலோவுக்கு,

வாசித்து முடித்தவுடன் பேனாவை எடுத்து நாலு இருபது என்று எழுதப் பார்த்தது கை. முப்பது வருடப் பழக்கம், என்ன செய்வது. கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு பிழை மட்டும் கண்ணில் பட்டது. மூன்று பெண்களுக்கும் சம்பளம் போட்டிருக்கிறாய், உன் கூலியைப் போடவில்லை. திருத்த மாட்டேன். சொன்ன விலை சொன்ன விலை. அடுத்த ஆளுக்குச் சொல்லும்போது போடு.

அம்மா பேசத் தொடங்கிவிட்டாவா? "அந்த அறையில சாக்குத் தூசி பறந்தா புதுச் சுவர் என்னத்துக்காகும்" என்று எனக்கு அழைத்துத் திட்டினா. திட்டினால் சரி, கோபம் போய்விட்டது.

இராசதுரையிடம் வீட்டுப் பூட்டின் திறப்பு இரண்டும் கொடுத்திருக்கிறேன். என்னிடம் வேறு திறப்பு இல்லை.

எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னாய். இதோ, பேசிய விபரம்:

வீடு உன்னுடையது, கலியாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். வேண்டாம் என்று நீ சொன்னால் அது வேண்டாம்தான். உன் கடதாசி எதையும் நான் அவிழ்க்க மாட்டேன். கட்டு எவ்வளவு இளக்கமாய் இருந்தாலும். சீலையில் கடைப்பெயர் இல்லை. குறிகள் உன் இஷ்டம். சாக்கு ஒன்று எழுபத்தைந்து ரூபாய், ஊருக்கும் உனக்கும் ஒரே விலை, கைக்காசு. சீலை ஒன்று, நாற்பது அடி, ஆடி முடிவில் என் சுவரில். விலை நாலு இலட்சத்து நாற்பத்தையாயிரம். பாதி இத்துடன், பாதி மாட்டுகிற அன்று.

சம்மதம்.

க. சுதாகரன்