இறங்கினதும் கடைக்கு ஒரு மிஸ்டு கால்

மாப்ள,

உன் மஞ்சள் சீட்டுப் புத்தகம் மேஜை மேல் கிடக்கிறது. பக்கத்தில் உன் கடைப் பட்டன் போன். புத்தகத்தைப் புரட்டினால் இன்னமும் ஜவ்வாது மணக்கிறது. மேலே அச்சடித்திருக்கிற விமானத்துக்கு ஒரு பக்க இறக்கைதான் இருக்கிறது. அச்சகத்துக்காரர் சொதப்பியதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், "பேப்பர்ல பறந்தா போறாக, விட்றா" என்று சொல்லி மொத்தக் கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டாய். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்றைக்கும் அப்படியே வருகிறது.

உன் வீட்டுக்காரி ஆக்லாந்தில் இறங்கியிருக்க வேண்டிய நேரம் நம்மூர்க் கணக்குக்குக் காலை பத்தரை. இப்போது பதினொன்றே கால். போன் அடிக்கவில்லை. சமயநல்லூரில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்தப் போனையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். திட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை.

இந்த டிக்கெட்டை எடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஆக்லாந்துக்கு மதுரையிலிருந்து நேர் விமானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு பேராசை கிடையாது. ஆனால் இத்தனை பெரிய தேசத்தில் எந்த ஊரிலிருந்தும் இல்லை. எங்கேயாவது இறங்கி ஏறித்தான் போக வேண்டும். சரி, இறங்கி ஏறலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு விலை காட்டுகிறது. பாஸ்போர்ட் எண்ணை அடித்து முடிப்பதற்குள் அது இன்னொரு விலையாகிவிடுகிறது. காய்கறிக்காரி இப்படிச் செய்தால் கூடையைக் கவிழ்த்துவிட்டு வருவோம். இவர்களை என்ன செய்வது? பெட்டிக்குத் தனிக் காசு, சன்னலுக்குத் தனிக் காசு, முட்டி வலிக்கிறவள் காலை நீட்ட அதற்கொரு காசு. ஒரு வழியில் விலை மலிவாக இருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு ஊரில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, அதே ஊரில் வேறொரு விமான நிலையத்துக்குப் போய் ஏற வேண்டுமாம். கோரிப்பாளையத்தைத் தாண்டினால் ஆட்டோக்காரரிடம் வழி கேட்கிற பொம்பளை உன் வீட்டுக்காரி. அதை விற்கிறவனுக்கு அம்மா அக்கா கிடையாதா என்று சத்தம் போட்டுக் கேட்டேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "கம்ப்யூட்டரு கேக்காது, மெதுவாப் பேசுங்க" என்றாள்.

அப்போதுதான் நீ எப்படித் தேடுவாய் என்று யோசித்தேன். தர்காவுக்குப் போகிற வழியில் உன் டிக்கெட் கடை, ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ரெண்டாவது நாற்காலியில் நான் எத்தனை வருஷம் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். யார் வந்தாலும், "எம்புட்டு ஆகும் பாய்?" என்றுதான் கேட்பார்கள். நீ விலையே சொல்ல மாட்டாய். "விலைய அப்புறம் பேசுவோம். பெட்டி எது வரைக்கும் போகுது, அத மொதல்ல பாப்போம்" என்பாய். மதுரை, திருச்சி, சென்னை, திருவனந்தபுரம், கொச்சி என்று ஒவ்வொரு ஊராகப் போட்டுப் பார்ப்பாய். தேதியை நாலு நாள் முன்னேயும் நாலு நாள் பின்னேயும் தள்ளிப் பார்ப்பாய். எப்படிப் போனாலும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும்; இங்கே போடுகிற பெட்டி கடைசி ஊரில்தான் கையில் கிடைக்க வேண்டும். அதற்கு மேல்தான் உனக்கு விலை.

தனியாக முதல் தடவை போகிற பெண்கள் எல்லாருக்கும் வீல்சேர் கேட்டு எழுதிவிடுவாய். செல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மா, "நான் நல்லாத்தான நடக்கேன், எனக்கு எதுக்கு பாய் தள்ளுவண்டி?" என்று கோபித்துக்கொண்டது. "ஒங்களுக்கு நடக்கத் தெரியும்மா. தள்ளுறவனுக்கு வழி தெரியும்" என்றாய். அந்த அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியது.

பிறகு இந்த மஞ்சள் சீட்டு. விமானத்தில் என்ன செய்ய வேண்டும், எந்தப் பலகையைப் பார்த்து நடக்க வேண்டும், எந்த இடத்தில் வெளியே போகவே கூடாது என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுவாய். எழுதியதை அவர்களையே மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாய். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: இறங்கினதும் கூப்பிட வந்தவர்கள் போனில் இருந்து கடைக்கு ஒரு மிஸ்டு கால். அந்தக் கால் வந்தால் நீ எடுக்க மாட்டாய். சீட்டைக் கிழித்த பிறகு புத்தகத்தில் நிற்கிற அடிக்கட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டு டீயைக் குடிப்பாய். கால் வராத நாளில் உனக்கு டீ இறங்காது.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த காரியம் இருக்கிறதே. அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. நானே சொல்கிறேன்.

என் மகள் டப்ளினில் நர்ஸாகச் சேர்ந்து, முதல் பிரசவத்துக்கு அவள் அம்மாவை அனுப்ப வேண்டி வந்தது. அங்கேயும் நேராக விமானம் கிடையாது. நீ திருவனந்தபுரம் போய் ஏறச் சொன்னாய். எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் போகிற முதல் பொம்பளை அவள். மதுரையில் ஏறினால்தானே எல்லாரும் போய் வழியனுப்ப முடியும் என்றார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மதுரையிலிருந்து வளைகுடாவுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து டப்ளினுக்கு வேறொரு டிக்கெட் என்று எடுத்தேன். விலையும் குறைவு. பெரிய கெட்டிக்காரன் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

ரெண்டு வேன் போட்டுப் போனோம். எலுமிச்சைச் சாதம், மாலை, ஜெபம், போட்டோ எல்லாம் ஆயிற்று. அவள் நடுவழி ஊரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பெட்டி அந்த ஊர் வரைக்கும்தான். அதை எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் போக வேண்டும்; உள்ளே போக விசா இல்லை. பெட்டியில் பேரப்பிள்ளைச் சட்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும். "பெட்டி வராம நான் நகர மாட்டேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டப்ளின் விமானம் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. பத்து மணி நேரத்துக்கு மேல் அங்கே ஒரு ஆள் அவளிடம் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் விற்கிறபோது எங்கள் பாஷையில் விளம்பரம் செய்யத் தெரிகிறது இவர்களுக்கு.

என் மகள் அங்கிருந்து உனக்குத்தான் போன் போட்டாள், எனக்கு இல்லை. நீ கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த விமான நிலையத்தில் வேலை பார்க்கிற செல்லூர்க்காரர் ஒருவரைப் பிடித்தாய். எப்போதோ நீ அனுப்பி வைத்த ஆள். அவர் போய் அவளைச் சாப்பிட வைத்து, கவுண்டரில் பேசி, பெட்டியைப் பின்னால் அனுப்ப ஏற்பாடு செய்தார். நீ புது டிக்கெட் போட்டாய். மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் உன் கடைக்கு வந்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாய்: "வேன்ல வந்தவுக எல்லாரும் நல்லாப் பாத்தாகளா?" நான் அந்த ரெண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு, "வழியனுப்புறவுக வசதிக்கு டிக்கெட் போடாத மாப்ள. போறவுக வசதிக்குப் போடு" என்றாய். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ரொம்பப் பேசாத, டீயச் சொல்லு" என்றேன். அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

பதினொன்று ஐம்பது. இன்னும் அடிக்கவில்லை.

நீ மௌத்தான நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் ஆத்திரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அன்றைக்கே ஆக்லாந்திலிருந்து உன் மகன் எனக்குக் கூப்பிட்டான். "மாமா, எந்த வழியப் பாத்தாலும் மூணு மடங்கு சொல்றாய்ங்க மாமா. எதுல ஏறுறதுன்னு தெரியல. அத்தா இருந்தா சொல்லிருப்பாக." அவ்வளவுதான் சொன்னான். அழவில்லை. நாளைக்கு ஏற வேண்டும் என்றால், இவன் வீட்டில் ஏதோ ஆபத்து என்று அந்தக் கம்பெனிகளுக்குத் தெரிகிறது. தெரிந்துதான் ஏற்றுகிறார்கள். அத்தா முகத்தைப் பார்க்க ஓடி வருகிறவனிடம் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? நீ சாவுக்குப் போகிறவர்களிடம் கமிஷன் வாங்கினதே இல்லை. உன் மகன் விஷயத்தில் ஒருத்தனும் அப்படி நினைக்கவில்லை.

கடைசியில் அவனும் ரெண்டு தனி டிக்கெட்டாக எடுத்தான். முதல் விமானம் தாமதம், ரெண்டாவது போய்விட்டது. அடுத்ததற்கு மறுபடி முழுக் காசு. மறுநாள் மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் உன்னை வைத்திருந்தோம், அதற்கு மேல் முடியாது. அவன் வந்து நின்றபோது குழி மண் காய்ந்திருந்தது. அந்த ரெண்டு டிக்கெட் புத்தியை நான் தடுத்திருக்க வேண்டும். அதன் வலி தெரிந்த ஒரே ஆள் நான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, "கெளம்புப்பா, எப்படியாவது வா" என்று மட்டும்தான் சொன்னேன்.

நாலு மாசம் பத்து நாள் வீட்டைத் தாண்டாமல் இத்தா இருந்து முடித்ததும் தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, என்னை வரச் சொன்னாள். மருமகளுக்கு நாள் நெருங்குகிறது, மகனுக்கு இனி லீவு இல்லை, நான்தான் போகணும் என்றாள். ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே இந்தப் புத்தகம், இந்தப் போன், அதன் சார்ஜர். "இதுல இன்னமும் யாரோ அடிச்சு அடிச்சு வைக்கிறாகண்ணே. எடுத்தா பேச மாட்டேங்கிறாக" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. நீ முன்கூட்டியே டிக்கெட் போட்டு வைத்தவர்கள். நீ போனது தெரியாமல் ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, சொன்ன சொல் மாறாமல் அடிக்கிறார்கள். அடிக்கட்டையில் உன் எழுத்தைத் தேடித் தேடி நான்தான் டிக் போட்டேன்.

தங்கச்சியின் தம்பி மதுரையிலிருந்து அனுப்பலாம் என்று ஆரம்பித்தான். "எல்லாரும் வந்து பாப்பாங்கல்லண்ணே" என்றான். நான் எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "யாரும் பாக்க வேணாம். அவுக இருந்தா என்ன சொல்வாகளோ அப்படியே போறேன்." மூன்று நாள் தேடினேன். திருவனந்தபுரத்தில் ஏறி, நடுவில் ஒரே ஊர், நாலு மணி நேரம், ஒரே டிக்கெட், பெட்டி நேராக ஆக்லாந்து. புதன்கிழமைக்குத் தள்ளியதும் விலை ஓரளவுக்கு இறங்கியது. வீல்சேர் கேட்டேன். புத்தகத்தில் மிச்சமிருந்த ரெண்டு சீட்டில் ஒன்றை எழுதினேன். உன் வீட்டில் உட்கார வைத்து மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கடைசி வரியில் நிறுத்தினாள்.

"கடைதான் மூடியாச்சேண்ணே?"

"கடை என் சட்டப் பையில இருக்கு. நீ அடிம்மா" என்றேன்.

பன்னிரண்டு இருபது. இந்நேரம் தங்கச்சியும் ஏதோ ஒரு வாசலில் உட்கார்ந்து, பெட்டி வராம நகர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாளோ. என் வீட்டுக்காரி சோறு போட்டு மூடி வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்த பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அடித்தது மாப்ள. ரெண்டு தடவை அடித்து நின்றுவிட்டது. திரையில் உன் மகன் பெயர். அப்புறம் அவனே என் போனுக்கு எழுதினான்: அங்கே பெட்டியில் இருந்த சாப்பாட்டுச் சாமானை எல்லாம் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்களாம், அதனால் தாமதம், அம்மா நல்லா இருக்காங்க மாமா. ஒவ்வொரு பொடி டப்பாவையும் திறந்தார்களாம். அவர்களையும் ரெண்டு வார்த்தை திட்டினேன். பிறகு அடிக்கட்டையில் டிக் போட்டேன். என் வீட்டுக்காரி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் இறங்கினதும் அடி, இறங்கினதும் அடி என்று உயிரை எடுத்தாயே, நீ போய் இறங்கினதும் அடித்தாயா? புத்தகத்தில் ஒரு சீட்டு மிச்சம் இருக்கிறது. அதில் உன் பேரை எழுதி வைத்திருக்கிறேன். மாசாமாசம் ரீசார்ஜ் செய்து போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். அடித்தால் எடுக்க மாட்டேன்டா, டிக் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.