அவனைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை

அனுமந்தன்பட்டி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தச் சென்னையில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்க வருவதில்லை, கேட்டாலும் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்து அடித்துக் கண் எரிச்சல் நின்றபாடில்லை, சின்னமனூருக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் அறுவடை முடியட்டும் என்கிறார், அறுவடை முடிந்தால் அடுத்த மருந்தடிப்பு வந்துவிடுகிறது. எனக்கு இடுப்பு வலி பழகிவிட்டது.

உன் அண்ணன் ரூபன் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய், படிப்பு கெட்டுவிடும் என்று முழுசாகச் சொல்லவில்லை. இப்போது நீயும் கல்லூரிக்குப் போய்விட்டதால் சொல்கிறேன். எஞ்சினியரிங் நாலு வருடம் முடிந்தும் சர்டிபிகேட் வரவில்லை, ஆபீசில் தாமதம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவனிடம் சொல்லாமலே நானும் அப்பாவும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டோம். கல்லூரி ஆபீசில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பத்தொன்பது பேப்பர் அரியர் இருக்கிறது, மூன்றாவது வருடத்துக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை என்றாள். அப்பா அதை நம்பவில்லை, வேறு ரூபனாக இருக்கும், நல்லாப் பாருங்கம்மா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அவன் வகுப்பு வாத்தியாரைத் தேடிப் போனோம். பையில் இருந்த அவன் போட்டோவைக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், முகம் ஞாபகத்துக்கு வரவில்லையே அம்மா என்றார். அந்த வராந்தாவில் போன பிள்ளைகளிடம் கேட்டேன், கேன்டீனில் கேட்டேன், வாட்ச்மேனிடம் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெயிலாகிவிட்டான் என்று சொன்னபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. நாலு வருடம் என் பிள்ளை ஒரு இடத்தில் இருந்திருக்கிறான், அவனைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அப்பா கையை ஓங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரூபன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். முதல் வாரம் எல்லாரையும் எழுந்து இங்கிலீஷில் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம், இவன் எழுந்து பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றானாம், சிரித்தார்களாம். அடுத்த நாளிலிருந்து கடைசி பெஞ்சு. பாடம் புரியவில்லை, புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவானாம். முதல் பரீட்சையில் இரண்டு பேப்பர் போனதும் அடுத்த தடவை எழுதிவிடலாம் என்று இருந்திருக்கிறான், பிறகு நாலு, பிறகு ஏழு. எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவன், "எப்டிம்மா சொல்லுவேன், நீ போன எடுத்தாலே எஞ்சினியரு சாப்டாச்சான்னு கேப்ப" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. நானும் ஒரு நாள்கூட என்ன படிக்கிறாய், யார் கூட உட்காருகிறாய் என்று கேட்டதில்லை.

அதனால் உனக்குச் சொல்கிறேன், தாயி. முன்னால் போய் உட்கார். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழிலேயே கேள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவர்களிலும் பாதி பேருக்குப் புரிந்திருக்காது. ஏதாவது ஒரு டீச்சரிடமாவது தனியாகப் போய்ப் பேசு, உன் பெயரும் ஊரும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் நீ வகுப்புக்குப் போகவில்லை என்றால் ஜெசிந்தாவை எங்கே காணோம் என்று கேட்க ஒரு பிள்ளையாவது வேண்டும். லைப்ரரிக்குப் போ, ஹாஸ்டல் ரூமிலேயே அடைந்து கிடக்காதே. பரீட்சை ஊத்திக்கொண்டால் அன்றைக்கே சொல். இதெல்லாம் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. அங்கே எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும், நான் ஒரு கல்லூரிக்குள் போனதே அந்த ஒரு தடவைதான்.

ரூபன் இரண்டு வருடம் வீட்டில் அந்த உள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அரியரை எழுதுடா என்று சொல்லிப் பார்த்தேன், பங்குச் சாமியாரும் வந்து பேசிப் பார்த்தார், இனி மண்டையில ஏறாதும்மா என்று முடித்துவிட்டான். போன மாதத்திலிருந்து என்னோடு மலைக்கு, ஏலத் தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்பில் வருகிறான். முதல் நாள் ஏறும்போது பொம்பளைகள் ஏதாவது கேலி பேசுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருத்தியும் பேசவில்லை, ராக்கம்மாள் மட்டும் ஒதுங்கி இடம் விட்டு, "இங்கன ஒக்காருப்பா" என்றாள். கம்பம் தாண்டுகிறவரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். எந்த வேலையை என் பிள்ளைகள் செய்யக் கூடாது என்று இத்தனை வருடம் மேடு ஏறினேனோ அதே வேலைக்கு என் தோளில் இடித்துக்கொண்டு வருகிறான்.

போன ஞாயிறு நீ பேசினாயே, எல்லாம் நல்லாப் போகுதும்மா, சாப்பிட்டேன், வச்சிர்றேன் என்று. ரூபன் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை நான் கீழே வைத்ததும், "நானும் இப்டித்தாம்மா சொன்னேன்" என்றான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டான். அவளையும் சந்தேகப்படாதே என்று அப்பா என்னைத் திட்டினார். எனக்கு ஏழு நாளாகத் தூக்கம் இல்லை. பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தால் இந்த அம்மாவை மன்னித்துவிடு. ஆனால் அப்படி இல்லை என்றால் பத்தொன்பது பேப்பர் ஆகும்வரை வைத்துக்கொண்டிருக்காதே. நான் திட்டமாட்டேன். அப்பா திட்டுவார், திட்டட்டும், நான் பக்கத்தில் இருப்பேன்.

உன்னைச் சுற்றி நாலு பேர் நல்லவர்களாக இருக்கவும், கேட்கிற தைரியம் உனக்கு வரவும் தேவன் துணை செய்யட்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது, பெயர் எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றை எழுதவேண்டாம் என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன். நேற்று இறங்கும்போது ஜீப் டிரைவர் லிங்கேஸ்வரன், "அக்கா, அடுத்த சீசனுக்கு ஆள் பத்தாது, ஒங்க மக வந்துருமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் படிக்கிறாள், வரமாட்டாள் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வரவில்லை, ஜெசிந்தா. இறங்கி வந்துவிட்டேன்.

உன் அம்மா,
இ. வியாகுலமேரி