காவலர் பட்டியலிலிருந்து என்னை நீக்குமுன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று நானே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்புமுன் உன் நோடுகளின், அதாவது உன் அறையில் ஓடும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகளின், இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், மூன்றும் பச்சையில் இருந்தன. நீ எப்போதாவதுதான் பேசுகிறாய், அதிலும் பாதி நேரம் "ம், சொல்லும்மா" என்கிறாய், அந்தப் பக்கம் அப்படியில்லை, எந்த நேரம் கேட்டாலும் பதில் சொல்கிறது. பச்சை என்றால் கரண்ட் பில் கட்டியிருக்கிறாய், இணையம் வருகிறது, எழுந்து நடமாடுகிறாய். மஞ்சள் என்றால் ஏதோ ஒரு பெட்டி மக்கர் செய்கிறது, நீ சாப்பிடாமல் அதன் முன் உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்து மேஜைக்காரி போன வாரம் "உன் பொண்ணு நல்ல வேலையை விட்டுட்டு அப்படி என்னதான் பண்றா?" என்று கேட்டாள். புதிதாக ஒரு கிரிப்டோ நெட்வொர்க் வந்திருக்கிறது, அதில் பணம் அனுப்புகிறவர்களின் கையெழுத்து சரிதானா என்று உலகம் முழுக்கச் சில நூறு கம்ப்யூட்டர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அதில் மூன்று இவளுடையவை, தூங்காமல் ஓட வேண்டும், ஓடினால் கூலி, நின்றால் அபராதம் என்றேன். அவள் "அப்ப நம்ம வேலையேதான், நமக்குத் தூக்கம் உண்டு" என்றாள். இருபது வருடமாகக் காப்பீட்டு ஆபீஸில் கையெழுத்துச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன், உன் வேலையை இவ்வளவு சுருக்கமாக எனக்கே யாரும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடி வீட்டுக்காரர் மறுபடியும் துளை போடுகிறார், எதை மாட்டுகிறார் என்று தெரியவில்லை, இந்நேரம் சுவரே மிஞ்சியிருக்காது.

கடிதம் எதற்கென்று இதற்குள் ஊகித்திருப்பாய். "அக்கவுண்ட் திரும்பக் கிடைச்சிடுச்சு. மாசக் கடைசியில கார்டியன் லிஸ்ட்டை மாத்திடறேன், உனக்கும் சிரமம் வேண்டாம்" என்று அனுப்பியிருந்தாய். க்ளெய்மைத் திருப்பி அனுப்பும்போது நாங்களும் இதைத்தான் எழுதுகிறோம், தங்களுக்கு மேலும் சிரமம் ஏற்படாதிருக்கும் பொருட்டு என்று. அதை எழுதும்போது எங்களுக்கு என்ன மனநிலை இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால் உனக்கு என்ன இருந்தது என்பதும் ஓரளவு தெரியும். நீக்குவது உன் உரிமை. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம் என்று எங்கள் ஆபீஸில்கூட உண்டு. அதைத்தான் செய்கிறேன். காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

நீ எங்களைக் காவலர்களாகப் போட்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இடங்களில் ஒரு நீளமான வார்த்தை வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டும், தொலைத்தால் கணக்கே போச்சு, இங்கே அப்படியில்லை, மூன்று மனிதர்களைக் காட்டினால் போதும், போன் தொலைந்தால் அந்த மூவரில் இருவர் 'இது அவள்தான்' என்று அனுமதி கொடுத்தால் கணக்கு திரும்பி வரும் என்று வீடியோவில் விளக்கினாய். கார்டியன் என்றாய், அப்பா காவலர் என்றார், அதுவே நிலைத்துவிட்டது. நான், அப்பா, சித்தப்பா. சித்தப்பா எதைக் காட்டினாலும் ஓகே போடுகிறவர், அதனால்தான் நாம் எல்லோரும் அவரை ஓகே சித்தப்பா என்கிறோம், அவரை ஏன் போட்டாய் என்று நான் அன்றைக்கே கேட்டேன், "அவர் ஒருத்தர் ஓகே போட்டா ஒண்ணும் ஆகாதும்மா, நீ இருக்கியே" என்றாய். அந்த 'நீ இருக்கியே' என்பதை நான் நியமன உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு விதிகளைச் சொன்னாய். மெசேஜை நம்பாதே. நம்பரை நம்பாதே. குரலை நம்பாதே, இப்போதெல்லாம் யார் குரலையும் செய்துவிடலாம். "நான் அழுதாக்கூட நம்பாதே" என்று நீதான் சொன்னாய். ஒரு கேள்வி வைத்துக்கொள், பதில் தப்பானால் அந்த நொடியே லைனைக் கட் பண்ணு என்றாய். கேள்வியை நான் வைத்தேன்: நீ கிளம்பின அன்று விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு முன்னால் அம்மா கடைசியாக என்ன சொன்னாள்? நீ சிரித்துக்கொண்டே "நல்லா ஞாபகம் இருக்கு" என்றாய். நான் பதிலைச் சொல்ல வாய் திறந்ததும் "சொல்லாதே, போன்ல சொல்லிட்டா அப்புறம் அது ரகசியமே இல்ல" என்று தடுத்தாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் மிகவும் கவனமாக இருந்தோம்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோரிக்கை என் போனுக்கு வந்தது. சித்தப்பா அதற்குள் ஓகே போட்டிருந்தார், பிறகு விசாரித்ததில் முடிவெட்டும் கடை நாற்காலியில் இருந்தாராம், கண்ணாடி போட்டிருக்கவில்லை. அடுத்த நிமிடமே தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. "அம்மா, நான்தான். போன் வாஷிங் மெஷினுக்குள்ள போயிடுச்சு, பேன்ட் பாக்கெட்ல வச்சு மறந்துட்டேன். கீழ சலவைக்கடைக்காரர் போன்ல இருந்து பேசறேன். ஞாயித்துக்கிழமை நெட்வொர்க் புது விதிக்கு மாறுது, அதுக்குள்ள என் கணக்குல இருந்து நான் கையெழுத்துப் போடலேன்னா மூணு நோடும் வெளிய போயிடும், அந்த இடம் வேற யாருக்காவது போயிடும், சீக்கிரம் அப்ரூவ் பண்ணு" என்று மூச்சு விடாமல் பேசியது அந்தக் குரல். அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குத் தொழில்முறையில் ஒரு நிதானம் வந்துவிடும். கேள்வியைக் கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்லலம்மா. அப்பாகிட்ட கார் சாவி எங்கன்னு கேட்ட. அதுதான் கடைசி" என்றது குரல். தவறான பதில் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி வந்தது, அழுதது. விதிப்படி வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை திட்டியது. "ஆபீஸ்ல வர்றவங்கள நிக்க வைக்கிற மாதிரி என்னையும் நிக்க வைக்கிறியா? சின்ன வயசுல ரிப்போர்ட் கார்டுல அப்பா போட்ட கையெழுத்தையே சந்தேகப்பட்டவதானே நீ!" என்றது. நம் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விவரம் சேர்த்திருக்கிறாளே என்று அந்தத் திருடி மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. உன் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், அணைந்திருந்தது, திருடியவள் அணைக்கத்தானே செய்வாள் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். நோடு பக்கம் பச்சையாக இருந்ததால் உனக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தது. பிறகு நிராகரி என்பதை அழுத்தினேன், அதற்குக் கீழே மோசடி என்று புகார் செய் என்று ஒன்று இருந்தது, அதையும் அழுத்தினேன். கணக்கு முழுவதும் உறைந்துவிட்டது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, நல்ல வேலை செய்த திருப்தியோடு உட்கார்ந்து வந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா அன்று முழுக்க ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்க அதன் குழிக்குள் இருந்தார், குழிக்குள் இறங்கினால் போனை மேலேயே வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்து கைக் கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். "அப்படி அந்தத் திருடிக்குத் தெரியாத பதில் என்ன?" என்றார். 'அங்கே சரிப்படலேன்னா யாரையும் கேட்காம கிளம்பி வந்துடு' என்று அவளிடம் சொன்னேனே, அதுதான் என்றேன். அப்பா குழாயை மூடினார். "அதை நீ அவகிட்ட சொல்லல. அவ உள்ள போனப்புறம் கார்ல உக்காந்து என்கிட்ட சொன்ன. பார்க்கிங் சீட்டத் தேடிக்கிட்டே சொன்ன, நான்கூட சரி சரின்னேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், அவள் தலையாட்டினாள் என்றேன். "அவ எப்படி ஆட்டுவா, அவதான் ஸ்கேனர்ல பைய வச்சுக்கிட்டு இருந்தாளே" என்றார். சரி, அவளிடம் கடைசியாக என்னதான் சொன்னேன் என்று கேட்டேன். "அவகிட்ட ஒண்ணும் சொல்லல. என்கிட்ட சாவி எங்கன்னு கேட்ட. என் சட்டைப் பையில இருந்துச்சு" என்றார். ஈரக் கையோடு நின்றுகொண்டு இதை அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு நினைவுக்கு எதிராக இரண்டு சாட்சிகள், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, இதே கோப்பு ஆபீஸில் என் மேஜைக்கு வந்திருந்தால் என்னைத்தான் நிராகரித்திருப்பேன்.

உடனே அனுமதி போடலாம் என்று பார்த்தால், மோசடிப் புகார் வந்த கணக்கை உருக வைக்க மூன்று பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். நான் போட்டேன், அப்பா போட்டார். இந்த முறையாவது படித்துப் பார்த்துப் போடுங்கள் என்று சித்தப்பாவிடம் நானே சொன்னேன், அது என் தப்பு. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒன்றை முழுக்கப் படித்தார், பயந்துபோய் நிராகரி போட்டுவிட்டார். "நீங்கதானே அண்ணி ஜாக்கிரதையா இருக்கச் சொன்னீங்க" என்கிறார். மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடிக்காத குறையாக அழுத்த வைத்தார். நீ ஞாயிற்றுக்கிழமை கெடு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்பதை நோடு பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்பா கைதட்டினார், சித்தப்பா தனக்கும் பங்கு உண்டா என்று கேட்டார், நான் உன் மெசேஜுக்காகக் காத்திருந்தேன், வந்தது, அதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

என் இடத்தில் உன்னோடு தங்கியிருக்கும் சிநேகிதியைப் போடப்போகிறாய் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நல்ல பெண்தான். ஆனால் ஒரே வீடு, ஒரே வாஷிங் மெஷின் என்பதை மட்டும் யோசித்துக்கொள். எனக்காக வாதாட என்னிடம் அதிகம் இல்லை. விதி ஒன்றைக்கூட நான் மீறவில்லை, அது என் தரப்பில் உள்ள ஒரே நல்ல விஷயம், பிரச்சினையும் அதுவேதான். இந்த நாட்களில் நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. இரண்டு வருடமாக அந்த வாக்கியத்தை உன்னிடம் சொல்லிவிட்ட தைரியத்தில் இருந்திருக்கிறேன். நீ வேலையை விட்டேன் என்றபோது நான் ஏன் பதறவில்லை என்று அப்பா ஆச்சரியப்பட்டார், அவளுக்குத்தான் தெரியுமே, சரிப்படாவிட்டால் வந்துவிடுவாள் என்று இருந்தேன். நீ ஜுரத்தில் கிடந்ததைப் பத்து நாள் கழித்துச் சொன்னபோதும் அப்படித்தான். உன் பக்கத்தில் இருந்து பார்த்தால் அம்மா கார் சாவியைக் கேட்டாள், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு நீ அங்கே இவ்வளவு தூரம் நிமிர்ந்து நின்றிருக்கிறாய் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை என்பதும் தெரிகிறது. ஆகவே இப்போது எழுத்து மூலமாக: அங்கே சரிப்படவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கிளம்பி வந்துவிடு. சரிப்பட்டாலும் வரலாம்.

அப்பா சொல்லச் சொன்னது: மூன்று பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டாதே, சூடானால் முதலில் உருகுவது அதுதான், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி வாங்கு, வாங்கினால் எந்த மாதிரி என்று அவரைக் கேள். நான் சொல்வது: படுக்கையை அந்த அறையிலிருந்து மாற்று, அந்த விசிறிச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று தெரியவில்லை. துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைப் பார்.

இனி இந்தக் கடைசித் தாள். போனில் சொன்னால் ரகசியமில்லை என்பது உன் விதி, அதனால்தான் காகிதம். காவலராக என்னை வைத்துக்கொள்வதாக இருந்தால் கேள்வியை மாற்றிவிடலாம், போன முறை ஞாபகத்தை நம்பிக் கேள்வி வைத்தோம், இந்த முறை பொருளை நம்பி வைக்கலாம், பதிலையும் சேர்த்தே அனுப்புகிறேன். கேள்வி: இந்த வீட்டில் உன் அறையில் இப்போது என்ன இருக்கிறது? இதற்குப் போட்டோ எதுவும் கிடையாது, அப்பா யாரிடமும் உளறியிருக்க வழியில்லை, அவர் அதைக் கவனித்ததே இல்லை. பதில்: கட்டிலுக்குக் குறுக்கே இஸ்திரிப் பலகை, அதன்மேல் மூன்று தலையணை, ஜன்னலோரம் அப்பா உடம்பு இளைக்க வாங்கி இன்னும் மிதிக்காத சைக்கிள், அதன் கைப்பிடியில் என் ஈரத் துண்டு. எல்லாவற்றையும் ஹாலுக்குத் தள்ள எனக்கு அரை மணி நேரம் போதும், அதனால் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. தள்ளிவிட்டால் பதில் தப்பாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது நீ இங்கே இருப்பாய், யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் உன் பெட்டிகளும் நோய் நொடியில்லாமல் ஓட வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். மறக்காமல் இந்தக் கடைசித் தாளை மட்டும் கிழித்துவிடு. மற்றவற்றைக் கிழிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

குறைந்தபட்சம் மாதக் கடைசி வரை உன் காவலர்,
அம்மா